கௌசிகாவுக்கு வாங்கிய பாடப்பெட்டிகள்

திருப்பதி கொர்லகுண்டாவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிற தாட்சாயணிக்கு, ஒரு காலத்தில் தினமும் நாலைந்து பேராவது செய்தி அனுப்புவார்கள். பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரப் போகிறோம், எதை வாங்கலாம் என்று கேட்டுத்தான். எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் ரப்பர் போட்டு அழித்தால் தாள் கிழியாது, எந்த மரத்துண்டின் சாயம் கையில் ஒட்டும், எந்தப் படத்தில் எருமையைப் போட்டுவிட்டுப் பசு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. எதையும் பத்துப் பேர் எழுதியதைப் படிக்காமல் அவள் வாங்கியதில்லை. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. குறை வேறொரு இடத்தில் இருந்தது. அது அவள் கண்ணில் பட இரண்டு வருஷம் ஆயிற்று.

தாட்சாயணிக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரண்டிலும் புரண்டு வளர்ந்தவள். திருப்பதிக்கு பி.காம். படிக்க வந்தபோதுதான் தன்னுடைய தெலுங்கு வேறு மாதிரி ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அவள் வாயைத் திறந்தால் பின்பெஞ்சில் யாராவது "அரவம்" என்பார்கள். தமிழ்க்காரர்களுக்கு அங்கே அப்படி ஒரு பேர். கேலிதான், பெரிய கொடுமை ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று வருஷம் வகுப்பில் அவள் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கட்டிக்கொண்டது நகரிப் பக்கத்து மோகன்ராஜை. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். ஆகவே மகள் கௌசிகாவை வளர்த்தது முழுக்கத் தாட்சாயணிதான். கௌசிகா துருதுருவென்று இருப்பாள். அடிக்கடி சளி பிடிக்கும், வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். பேச்சில் மழலை போகவில்லை. சாப்பாட்டைத் 'தாப்பாடு' என்பாள், சட்டையைத் 'தட்டை' என்பாள். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள்.

நாலரை வயதில் பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தார்கள். தீபாவளி கழித்து நவம்பரில் பெற்றோர் கூட்டம். வகுப்பு டீச்சர் பெயர் ஸ்வர்ணலதா. சின்ன வயசு, அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். நாற்பது பிள்ளைகளின் பெற்றோர்கள் வரிசையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிஷம்.

"பாப்ப வினட்லேதம்மா," என்றாள் டீச்சர்.

தமிழில் 'பாப்பா கேக்கறதில்ல' என்று சொன்னால் எப்படி இரண்டு அர்த்தம் வருமோ, தெலுங்கிலும் அப்படியேதான். காது கேட்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். தாட்சாயணி இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். வீட்டில் ஒழுங்காகத்தான் இருக்கிறாள் என்று தெலுங்கில் பதில் சொன்னாள்.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இன்ட்லோ தமிழேனா?"

வீட்டில் தமிழா என்கிற அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தாட்சாயணிக்குக் காது மடல் சூடேறியது. கல்லூரிப் பின்பெஞ்சு அத்தனையும் எழுந்து வந்து அந்த வகுப்பறையில் உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். டீச்சர் பின்னாலேயே சொன்னாள், ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் என்று. அது தாட்சாயணியின் காதில் நன்றாகவே விழுந்தது. என் பிள்ளைக்குப் பைத்தியமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே படி இறங்கினாள்.

அன்று சாயங்காலம் மோகன்ராஜ் வந்ததும் சொன்னாள்: "தமிழ்க்காரப் புள்ளன்னு மட்டமா பேசறாங்கோ. சொன்னா கேக்கறதில்லியாம். இனிமே அங்க அனுப்பப் போறதில்ல. நானே வீட்ல படிக்க வெக்கிறேன்."

"அவ்ளோதான் சொன்னாங்களா?" என்றான் அவன்.

"வேற இன்னா சொல்லணும்?"

டாக்டர் என்கிற வார்த்தையை அவள் சொல்லவில்லை. மறந்துபோனாள் என்று சொல்ல முடியாது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். அவளுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

ஏர் பைபாஸ் ரோட்டில் ஹரிப்ரியா என்று ஒரு பெண். சென்னையிலிருந்து வந்தவள். இரண்டு பையன்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் போன்றவர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருந்தார்கள். தாட்சாயணி அதில் சேர்ந்தாள். வீட்டின் முன்னறையில் ஒரு மூலையை ஒழித்துப் பாய் போட்டு, தாழ்வாக ஒரு அலமாரி அடித்து வைத்தாள். பிறகு பெட்டிகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். விரலால் தடவிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கௌசிகா ஒரே வாரத்தில் 'அ'வும் 'ஆ'வும் அப்படி எழுதினாள், அச்சடித்ததுபோல். அடுத்து மணிகள். ஒன்று, பத்து, நூறு என்று கம்பியில் கோத்தவை. அதிலும் கெட்டிக்காரி. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குகிற விளையாட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கானதை அவள் ஐந்து வயதில் முடித்தாள். தாட்சாயணி அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். முப்பது பேரும் கை தட்டினார்கள்.

எழுத்துக்கு ஓசை சொல்லித்தருகிற பாடம் வந்தபோதுதான் வண்டி நின்றது. 'ச' என்றால் 'த' என்பாள். 'ஷ' என்றால் விழிப்பாள். ஆங்கிலத்தில் 'எஸ்'ஸும் 'எஃப்'பும் அவளுக்கு ஒன்றே. தாட்சாயணி முகத்துக்கு நேரே வாயைக் குவித்துச் சொன்னால் பாதி சரியாகச் சொல்வாள். அடுப்படியிலிருந்து கேட்டால் பதிலே வராது. தாட்சாயணி குழுவில் கேட்டாள். பெட்டி சரியில்லை, வேறு வாங்குங்கள் என்றார்கள். வாங்கினாள். அதுவும் சரிப்படவில்லை. பாட்டோடு சொல்லித்தருகிற புத்தகம், மிருகங்கள் சத்தம் போடுகிற அட்டை என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். ராத்திரி ராத்திரியாக இல்லை, பட்டப்பகலில் பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே போனில் அடுத்த பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்படி வந்ததுதான் பேசும் பேனா. புத்தகத்தில் படத்தின் மேல் வைத்தால் அந்தச் சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லும். கௌசிகாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் பேனாவைப் படத்தில் வைத்த கையோடு, வெடுக்கென்று எடுத்துக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். பேனாவில் தலை எண்ணெய் ஒட்டும், முனை தேயும்.

"இது இன்னா வெளையாட்டு சாமானா? ஒழுங்கா வெச்சிப் படி," என்று தாட்சாயணி பிடுங்குவாள்.

"இங்க வெத்தாத்தாம்மா நல்லாக்கீது," என்பாள் கௌசிகா.

நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் அந்தப் பேனாவைப் புத்தகத்தோடு கட்டி ஹரிப்ரியாவின் சின்ன மகனுக்குக் கொடுத்துவிட்டாள். கௌசிகா அன்றெல்லாம் அழுதாள். சத்தம் போடுகிற சாமான் பிள்ளையின் கவனத்தைக் கெடுக்கிறது, அமைதியான பாடப்பொருள்தான் நல்லது என்று தாட்சாயணி குழுவில் நீளமாக எழுதினாள். அதைப் படித்துவிட்டு மூன்று அம்மாக்கள் தங்கள் வீட்டுப் பேனாக்களையும் கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும், "தாட்சாயணி கிட்ட கேளுங்க," என்று ஆகிவிட்டது.

அவளுக்கு அது பிடித்திருந்தது. கையைத் தூக்காமல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தவளிடம் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யோசனை கேட்கிறார்கள். அந்தப் பெருமையில், முன்னறைப் பாயில் நடப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனதை அவள் கவனிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தொடையில் கிள்ளினாள். ஒரு நாள் 'மீசை' என்று எழுதச் சொல்லி, அவள் 'மேசை' என்று எழுதியதற்காக முதுகில் ஓர் அறை வைத்தாள். கௌசிகா அழவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய் மணிகளை எண்ண ஆரம்பித்தாள்.

மோகன்ராஜ் ஒருமுறை மெதுவாகக் கேட்டான், பாப்பா டீவியை இவ்வளவு சத்தமாக வைக்கிறாளே என்று. "எல்லாப் பசங்களும் அப்டித்தான் வெக்கிறாங்கோ," என்றாள் தாட்சாயணி.

2024 அக்டோபரில் திருப்பதியில் மழை விடாமல் பெய்தது. தாட்சாயணிக்குக் காய்ச்சலும் இருமலும். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று வாயையும் மூக்கையும் மறைத்து மாஸ்க் போட்டுக்கொண்டாள். பாடத்தை மட்டும் விடவில்லை. அன்றைக்குத்தான் ஒரு புதுப் புத்தகம் வந்திருந்தது. அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுத வேண்டும்.

"கடல்," என்றாள்.

கௌசிகா பென்சிலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடல் எழுதுடி. கடல்!"

பிள்ளை எழுந்து வந்தது. அம்மாவின் முகத்தருகே நின்று, இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்துத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டது.

"வாயக் காட்டும்மா," என்றது. "வாய மூடிக்கினு பேதினா எனக்கு எப்டித் தெரியும்?"

தாட்சாயணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு விநாடி கழித்துத்தான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. கௌசிகா வேடிக்கையாகச் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டவரிடம் கண்ணாடியைத் துடையுங்கள் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

வாயைக் காட்டி இன்னொரு தடவை 'கடல்' என்றாள். "நீ எழுதிக்கினு இரு," என்று சொல்லிவிட்டுத் தாட்சாயணி எழுந்து பின்னால் போய் நின்றாள். இரண்டடி தூரம். "கௌசிகா," என்றாள், எப்போதும் பேசுகிற குரலில். பிள்ளை எழுதிக்கொண்டிருந்தது. "கௌசிகா, சாக்லேட் வேணுமா?" பென்சில் நிற்கவில்லை. "கௌசிகா, நைனா வந்துட்டாரு." பிள்ளை 'க' எழுதி, 'ட' எழுதி, அடுத்த எழுத்துக்காக நிமிர்ந்து எதிரில் அம்மா இருந்த இடத்தைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லாததால் திரும்பியது.

பாப்ப வினட்லேதம்மா. டீச்சர் சொன்னது அந்த நிமிஷத்தில்தான் தாட்சாயணிக்குக் கேட்டது.

மறுநாள் மோகன்ராஜ் லீவு போட்டான். காது, மூக்கு, தொண்டை டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதிக்கிறவர் முரளி என்று ஒரு நடுவயதுக்காரர். கௌசிகாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் மரத்துண்டைக் கூடையில் போடு என்று சொல்லிக்கொடுத்தார். காதில் மாட்டுகிற கருவியை வைத்தபோது கௌசிகா துண்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். அதன்பின் சின்னதாக ஒரு டப்பி மாதிரி எதையோ எடுத்துக் காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்து வைத்தார். உடனே ஒரு துண்டு கூடையில் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. கௌசிகா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தாட்சாயணி முன்பே பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஹரிப்ரியா வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பேனாவை நினைத்தாள். பிள்ளை தனக்குக் கேட்கிற ஒரு வழியைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதைப் பிடுங்கி ஊரான் பிள்ளைக்குக் கொடுத்தது தன் கைதான்.

டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார்கள். இரண்டு காதிலும் சவ்வுக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நாளாக. உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் போய்ச் சேருகிற பாதைதான் அடைத்துக் கிடக்கிறது. வலது காதில் சின்னக் குழாய் வைத்தால் சரியாகிவிடும். இடது காதில் சவ்வு உள்பக்கமாக இழுத்து ஒட்டிக்கொண்டு, எலும்பைக் கொஞ்சம் அரித்திருக்கிறது.

"ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்தக் காதும் லேசா முடிஞ்சிருக்கும்," என்றார்கள். "ஸ்கூல்ல யாரும் சொல்லலியா?"

மோகன்ராஜ், "இல்ல மேடம்," என்றான். "அப்டி ஒண்ணும் சொல்லல."

தாட்சாயணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே, கௌசிகா இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவனிடம் சொன்னாள்.

"சொன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு டீச்சர் அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவன் ரோட்டில் பஸ் ஒன்று போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்?" என்றான்.

"ரோசம் வந்துச்சி," என்றாள்.

டிசம்பரில் இரண்டு காதுக்கும் ஆபரேஷன் நடந்தது. வலது காது நன்றாகத் திறந்துகொண்டது. வீட்டுக்கு வந்த முதல் வாரம் கௌசிகா காதைப் பொத்திக்கொண்டே திரிந்தாள். மின்விசிறி இப்படியா கத்தும் என்று கேட்டாள். குக்கர் விசிலுக்கு அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். பல்லி கத்துகிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சுவரைத் தேடினாள். இடது காதில் பாதிதான் திரும்பியது. அதற்கு மெஷின் மாட்ட வேண்டியதாயிற்று.

பொங்கல் கழிந்து தாட்சாயணி அந்தப் பழைய பள்ளிக்குப் போனாள். ஸ்வர்ணலதா டீச்சர் கல்யாணமாகிச் சித்தூர் போய்விட்டாள், கட்டமஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை என்றார்கள். அடுத்த சனிக்கிழமை சித்தூர் பஸ் ஏறினாள். போகிற வழி முழுக்க என்ன சொல்வதென்று தெலுங்கில் கோத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

டீச்சருக்கு அவள் முகம் நினைவில்லை. கௌசிகா பெயரைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பாப்பாவா?" என்றாள். தாட்சாயணி நடந்ததை எல்லாம் சொன்னாள். அன்றைக்கு எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். வீட்டில் தமிழா என்று அன்றைக்குத் தான் கேட்டது எதற்கென்று சொன்னாள். கூப்பிட்டால் பிள்ளை திரும்பாதது வகுப்பில் பேசுகிற மொழி பழகாததாலா, காதினாலா என்று பிரித்துப் பார்க்கத்தான் கேட்டாளாம். பிறகு பிள்ளை வரவில்லை என்றதும் போன் செய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை நினைத்தாள். பரீட்சை வந்தது, அட்மிஷன் வந்தது, மறந்துபோனாள்.

"நானும் ஒரு தரம் போன் பண்ணியிருக்கணும்," என்றாள் தெலுங்கில். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மணி அடித்ததும் டீச்சர் வகுப்புக்குப் போய்விட்டாள்.

குழுவில் தாட்சாயணி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினாள். பேனாவைப் பற்றியும், கிள்ளியதைப் பற்றியும். பாதிப் பேர் ஆறுதல் சொன்னார்கள். நாலைந்து பேர் ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும், நாங்கள் உங்களை நம்பித்தானே வாங்கினோம் என்று கேட்டாள். இப்போதும் யாராவது புதிதாக வந்து எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டால், காதையும் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள் என்று மட்டும் எழுதுகிறாள். சிலருக்கு அது கோபத்தை உண்டாக்குகிறது. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று பட்டென்று எழுதுகிறார்கள். அந்தக் கோபம் அவளுக்குத் தெரிந்த கோபம்தான்.

போன ஜூனில் கௌசிகாவை வேறொரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். ஏழரை வயது. கூட இருப்பவர்களைவிட ஒரு முழம் உயரம். கணக்கில் முதல் ஆள். பேச்சுத்தான் இன்னும் பின்தங்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாள். 'ச' வந்துவிட்டது. அவசரத்தில் மட்டும் பழையபடி 'த' ஆகிவிடும். ஆறு வயதுக்குள் காதில் விழ வேண்டிய ஆயிரமாயிரம் சொற்கள் விழாமல் போயிருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் தலை வாரிக்கொண்டிருந்தபோது கௌசிகா கேட்டாள்: "அம்மா, அப்போ எனக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாது கண்ணு."

"அதான் அடிச்சியா?"

"ஆமா. தெரியாமதான் அடிச்சேன். ஆனா தெரிஞ்சிக்கினு இருக்கலாம். தெரிஞ்சிக்க ஒருத்தங்க சொன்னாங்க, நான் கேக்கல."

கௌசிகா கொஞ்சம் யோசித்தாள். "வலிச்சிச்சி," என்றாள். ரிப்பனை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் சொன்னதை மோகன்ராஜ் மறுபடி எடுத்ததில்லை. ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் காதுக்குக் காட்டுகிற நாள் வந்தால் கம்பெனியில் எப்படியாவது லீவு கேட்டு வாங்கிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறான். பள்ளிக் கூட்டத்துக்கும் அவனே வருகிறான். போன மாதம் டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்த தாட்சாயணி, வலது காதுக் குழாய் தானாக விழுந்துவிட்டதாம், பயப்பட ஒன்றுமில்லையாம் என்று அவனிடம் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான். அப்புறம் பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் தட்டி உள்ளே போய், டாக்டரம்மாவிடம் அதையே இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு வந்தான்.

தாட்சாயணி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை.